நெடுந்தூர ஓட்டமும் ஓடுவோர்க்குரிய உணவும்

பொங்கல் திருநாளையொட்டி நம் கிராமங்களில் நடைபெறும் விளையாட்டுகள் பல. சிலம்பம், கபடி, உறியடி, வழுக்கு மரம், இளவட்டக் கல் முதலியன தொன்றுதொட்டு வருபவை. இவற்றோடு நெடுந்தூர ஓட்டப் பந்தயமும் இன்று பல ஊர்களில் இடம் பெற்றுவிட்டது. ஊர்க் கோயிலிலிருந்து புறப்பட்டு ஏரிக்கரை வரை சென்று திரும்பும் 5 கிலோமீட்டர் ஓட்டம் முதல், நகரங்களில் நடைபெறும் 21 கிலோமீட்டர் அரை மாரத்தான், 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தான் வரை நம் இளைஞர்கள் பங்கு கொள்கின்றனர். காவல் துறையிலும் படையிலும் சேர விரும்புவோர் விடியற்காலையில் சாலையோரம் ஓடிப் பழகுவதையும் எங்கும் காணலாம்.

இது பெரிதும் மகிழத் தக்கதே. ஆயினும் இதனோடு கூடவே ஒரு கேள்வியும் ஊர்களுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. "எதைத் தின்றால், எதைக் குடித்தால் களைப்பின்றி ஓடலாம்?" என்பதே அது. இதற்கு விடை கூறுவன போல், வண்ணப் பொட்டலங்களும் தகர டப்பாக்களும் மாவு நிறைந்த பெரிய புட்டிகளும் கடைகளில் அடுக்கப்பட்டுள்ளன. அன்றாடக் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை அவற்றுக்குச் செலவிடும் இளைஞர்களும் உளர். அப்பொருள்களுள் எவை வேண்டும், எவை வேண்டா என்பதையும், பந்தயம் நடத்தும் பஞ்சாயத்து எதைச் செய்தல் கடமை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இது வெறும் செலவு பற்றிய கேள்வி மட்டுமன்று; உயிர் பற்றியதுமாகும். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஜார்க்கண்டு மாநிலத்தில் கலால் காவலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். 10 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்திற்குள் ஆண்கள் ஓடி முடிக்க வேண்டும் என்பது தேர்வு. அத்தேர்வில் ஓடியவர்களுள் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிர் நீத்தனர். தேர்வு சில நாட்கள் நிறுத்தப்பட்டது. காலை 9 மணிக்குப் பின்னர் ஓட்டம் நடத்தலாகாது என்று அம்மாநில அரசு அறிவித்தது. வேலை பெற்று வருவான் என்று எதிர்பார்த்திருந்த குடும்பங்களுக்கு நேர்ந்த அத்துயரம் எந்த ஊருக்கும் நேரலாகாது.

உடலின் கையிருப்பு

உழவன் வீட்டில் தானியம் மூன்று வகையாக இருக்கும். அடுக்களைப் பானையில் இன்றைக்கு வேண்டிய அரிசி இருக்கும். கூடத்துக் குதிரில் சில மாதங்களுக்கு வேண்டிய நெல் இருக்கும். பெரிய பத்தாயத்தில் ஆண்டு முழுவதற்கும் வேண்டிய நெல் இருக்கும். ஆனால் அதைத் திறந்து, அள்ளி, அவித்து, குத்தி எடுக்க நேரம் பிடிக்கும். நம் உடலும் எரிபொருளை இவ்வாறே சேமித்து வைத்திருக்கிறது.

நாம் உண்ணும் சோறு, களி, இட்டிலி, கிழங்கு, பழம், வெல்லம் ஆகியவற்றிலுள்ள மாவுச் சத்து குளுக்கோசு என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடனே செலவாகாத பகுதி, கிளைக்கோஜன் என்னும் உருவில் ஈரலிலும் தசைகளிலும் சேர்ந்திருக்கிறது. நன்றாக உண்ட ஒருவனுடைய ஈரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் இருக்கும். ஒரு கிராம் மாவுச் சத்து 4 கலோரி சக்தி தருவதால், இந்தக் கையிருப்பு ஏறத்தாழ 2,000 கலோரிக்குச் சமம். ஈரலில் இருப்பது அடுக்களைப் பானை. தசையில் இருப்பது குதிர்.

கொழுப்பு என்பது பத்தாயம். 60 கிலோ எடையுள்ள மெலிந்த இளைஞன் உடலிலும் ஐந்தாறு கிலோ கொழுப்பு இருக்கும். அதன் சக்தி பல்லாயிரம் கலோரி. எனினும் கொழுப்பு மெதுவாகவே எரியும். நடக்கும்போதும் நிதானமாக ஓடும்போதும் அது பெருமளவில் உதவும். வேகம் கூடக் கூட உடல் மாவுச் சத்தையே மிகுதியாக நாடும்.

இனிச் செலவைக் காண்போம். ஓடுபவன் தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவிடுகிறான். ஆகவே 60 கிலோ எடையுள்ளவனுக்கு 5 கிலோமீட்டருக்கு 300 கலோரியும், 10 கிலோமீட்டருக்கு 600 கலோரியும், அரை மாரத்தானுக்குச் சுமார் 1,270 கலோரியும், முழு மாரத்தானுக்குச் சுமார் 2,500 கலோரியும் செலவாகும். கையிருப்பு 2,000, முழு மாரத்தானின் செலவு 2,500. பழக்கமில்லாதவர்களும், தொடக்கத்தில் விரைந்து ஓடியவர்களும் 30 கிலோமீட்டரைத் தாண்டும் நேரத்தில் கால்கள் கல்லாகி நின்று விடுவதற்குக் காரணம் இக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. மூளைக்கு இரத்தத்திலுள்ள குளுக்கோசே முதன்மையான எரிபொருள். ஆதலால் பானை வற்றும்போது தலை சுற்றுகிறது; எண்ணம் தடுமாறுகிறது.

எத்தனை தூரத்திற்கு எவ்வளவு உணவு?

மேற்கூறிய கணக்கினின்று ஓர் எளிய விதி பெறப்படுகிறது. ஓட்டம் ஒரு மணி நேரத்திற்குள் முடிவதாயின், ஓடும்போது உணவு எதுவும் வேண்டுவதில்லை. முந்திய நாள் வயிறார உண்டிருந்தால் போதும். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களில் ஓட வேண்டும். இந்த ஓட்டத்திற்கு ஒரு பொட்டலமும் துணை செய்யாது. பல மாதப் பயிற்சி ஒன்றே துணை செய்யும்.

ஓட்டம் ஒன்று முதல் இரண்டரை மணி நேரம் நீடிக்குமாயின், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச் சத்து உட்கொள்வது பயன் தரும். அதற்கும் மேற்பட்டு நீடிக்கும் ஓட்டங்களில், பழகியவர்கள் மணிக்கு 90 கிராம் வரையிலும் கொள்வதுண்டு. குடல் குளுக்கோசை ஒரு வழியாகவும், பழச் சர்க்கரையை வேறொரு வழியாகவும் உறிஞ்சுகிறது. குளுக்கோசு மட்டும் மிகுதியாக உண்டால் ஒரே மதகில் வெள்ளம் முழுவதும் முட்டுவது போலாகும். இரண்டும் கலந்திருந்தால் இரு மதகுகளும் திறந்தது போலாகும். நாம் வீட்டில் வைத்திருக்கும் சாதாரணச் சர்க்கரையும் வெல்லமும் இவ்விரண்டையும் ஏறக்குறையச் சரிபாதியாகத் தருவன என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

அனுபவம் உணர்த்திய உண்மைகள்

1904ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயி நகரில் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது. ஆகஸ்டு மாதத்து வெயில்; புழுதி பறக்கும் சாலை; வழியில் குடிநீர் மிக அரிது. ஓடத் தொடங்கியவர் 32 பேர். முடித்தவர் 14 பேரே. முதலாவதாக வந்த தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு வழியில் உதவியாளர்கள் கொடுத்தவை முட்டையின் வெண்கருவும், பிராந்தியும், ஸ்ட்ரிக்னின் என்னும் மருந்தும் ஆகும். ஸ்ட்ரிக்னின் என்பது நம் காடுகளிலுள்ள எட்டி மரத்தின் கொட்டையிலுள்ள நஞ்சே. அவர் பிழைத்தது நற்பேறு. "சக்தி மருந்து" என்ற பெயரில் எது கொடுத்தாலும் விழுங்கும் வழக்கம் எவ்வளவு பழையது, எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இருபது ஆண்டுகளுக்குப் பின் உண்மை வழி தென்பட்டது. 1924ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தனர். மிகவும் சோர்ந்து, முகம் வெளுத்து, மனம் தடுமாறி நின்றவர்களின் இரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைந்திருந்தது. மறு ஆண்டு, பந்தயத்திற்கு முன்பு மாவுச் சத்து நிறைந்த உணவு உண்ணவும், ஓடும்போது சர்க்கரை மிட்டாய் தின்னவும் செய்தனர். இம்முறை ஓட்டக்காரர்களின் இரத்தச் சர்க்கரை குறையவில்லை. அவர்கள் நல்ல நிலையிலும் வந்து சேர்ந்தனர். பெரிய மருந்து ஒன்றும் இல்லை. பெட்டிக் கடையில் கிடைக்கும் மிட்டாய்தான்!

1960களில் சுவீடன் நாட்டு அறிஞர்களான பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் ஆகியோர், தசையினின்று ஊசியால் சிறு துணுக்கு எடுத்து ஆராய்ந்து, தசையில் கிளைக்கோஜன் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நெடுநேரம் உழைக்க முடிகிறது என்பதையும், சில நாட்கள் மாவுச் சத்தை மிகுதியாக உண்பதால் அக்கையிருப்பைப் பெருக்க முடியும் என்பதையும் நிலைநாட்டினர்.

உலகின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலரைத் தந்தது கென்யா நாடு. அவர்களுட் பெரும்பாலோர் உழவர் குடும்பங்களிலும் ஆயர் குடும்பங்களிலும் பிறந்தவர்கள். அவர்களுடைய உணவு யாது? மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலி என்னும் களி, கீரை, பயறு, பால், சர்க்கரை மிகுதியாகச் சேர்த்த பால் தேநீர் ஆகியனவே. 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், அவர்கள் பெறும் சக்தியில் முக்காற் பங்குக்குச் சற்று மேல் மாவுச் சத்திலிருந்தே கிடைப்பதாகக் கணக்கிடப்பட்டது. வயலில் விளைந்ததும் கொட்டிலில் கறந்ததுமே அவர்களுடைய ஆற்றலுக்கு அடிப்படை. சோறும் களியும் உண்ணும் நம் இளைஞர்கள் தம் உணவைக் குறைவாக எண்ண வேண்டுவதில்லை.

ஓட்டத்திற்கு முன்

அரை மாரத்தானோ முழு மாரத்தானோ ஓட இருப்பவர், பந்தயத்திற்கு முந்திய இரண்டு நாட்களில் ஓட்டப் பயிற்சியைக் குறைத்துச் சோற்றைக் கூட்ட வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச் சத்து என்பது அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 480 முதல் 600 கிராம் ஆகும். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச் சத்து உண்டு. சோறு, இடியாப்பம், அவல், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், வெல்லம் ஆகியவற்றால் இதனை எளிதில் நிறைவு செய்யலாம்.

கேழ்வரகு, கம்பு முதலிய தானியங்களும் பயறுகளும் பயிற்சி நாட்களுக்கு மிகச் சிறந்தவை. ஆனால் அவற்றில் நார் மிகுதி. ஆகவே பந்தயத்திற்கு முந்திய இரவும் அன்று காலையும் அவற்றைக் குறைத்தல் நலம். இல்லையேல் பாதி வழியில் வயிறு தொல்லை தரும். எண்ணெய்ப் பலகாரம், இறைச்சி, மிகுந்த காரம் ஆகியவற்றையும் அன்று விலக்க வேண்டும்.

பந்தயக் காலையில், தொடங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக நான்கைந்து இட்டிலியும் ஒரு வாழைப்பழமும் உண்ணலாம். இட்டிலி எளிதில் செரிப்பது, எண்ணெயற்றது, நார் குறைந்தது. அத்தனை அதிகாலையில் உண்ண இயலாதவர் சர்க்கரை சேர்த்த அரிசிக் கஞ்சி ஒரு தம்ளர் அருந்தலாம். காப்பி குடித்துப் பழகியவர் அன்றும் குடிக்கலாம். அதிலுள்ள காபீன் நெடுந்தூர ஓட்டத்திற்கு ஓரளவு துணை செய்வது ஆராய்ச்சியிற் கண்ட உண்மை. பழகாதவர் அன்று புதிதாகத் தொடங்கலாகாது.

பந்தயத்தன்று புதியது எதையும் வயிற்றுக்குள் விடலாகாது என்பது ஓட்டக்காரர்களின் முதல் விதி. உண்ண எண்ணியதைப் பயிற்சி நாட்களிலேயே உண்டு, ஓடி, குடலையும் பழக்கிக் கொள்ள வேண்டும். நீரிழிவு நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாது நெடுந்தூரம் ஓடுதல் கூடாது.

ஓடும்போது அருந்தும் பானம்

ஓடும்போது நீர், சர்க்கரை, உப்பு மூன்றும் ஒருங்கே கிடைப்பது நல்லது. குளுக்கோசும் உப்பிலுள்ள சோடியமும் சேர்ந்தே குடலின் சுவரைக் கடக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. வயிற்றுப்போக்கு நோயாளிகளுக்குச் சர்க்கரை உப்புக் கரைசல் கொடுப்பதும் இவ்வுண்மை பற்றியே. 1971ஆம் ஆண்டு, வங்காள தேசத்திலிருந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியபோது, மேற்கு வங்காளத்துப் பன்காவோன் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிசு இக்கரைசலைக் கொண்டே பெருந்திரளானோரைக் காப்பாற்றினார்.

ஓட்டக்காரர்க்குரிய பானத்தை வீட்டிலேயே செய்யும் முறை வருமாறு: காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், சர்க்கரை 60 கிராம், உப்பு ஒன்றரை கிராம், அதாவது தலைதட்டிய கால் தேக்கரண்டி, எலுமிச்சம்பழம் ஒன்றின் சாறு. நன்றாகக் கரைத்து வடிகட்டினால் பானம் ஆயிற்று. வெல்லம் சேர்த்தால் நம் முன்னோர் கோடையில் வழங்கிய பானகமே இது. உப்பு மட்டும் புதிது. இதனை 20 நிமிடத்திற்கு ஒரு முறை 200 மில்லி லிட்டர் வீதம் அருந்தினால் மணிக்கு 36 கிராம் சர்க்கரை உட்செல்லும். இடையில் ஒரு சிறு வாழைப்பழமும் தின்றால் அளவு நிறைவாகும். செலவு சில ரூபாய்களே.

சர்க்கரையை இரட்டித்தால் பலனும் இரட்டிக்கும் என்று எண்ணலாகாது. மிக இனிப்பான நீர் வயிற்றிலேயே தங்கிக் குமட்டலையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

இளநீர் நல்ல பானம். அதில் பொட்டாசியம் மிகுதி, ஆனால் வியர்வையில் மிகுதியாக வெளியேறும் சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் அக்குறை நீங்கும். உப்பிட்ட நீர்மோர் ஓடி முடித்த பின் ஏற்றது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் சத்து மிக்க பண்டம். எனினும் நிலக்கடலையின் கொழுப்பும் புரதமும் செரிக்க நேரமாகும். ஆதலின் அது ஓட்டத்திற்குப் பின் உண்ணத் தக்கது.

நீர் குறைந்தாலும் கூடினாலும்

நீர் குறைந்தால் இரத்தம் சுருங்கி, இதயம் கடுமையாக உழைக்க நேரிடும். வியர்வை குறைந்து உடற்சூடு ஏறும். இதனைப் பலரும் அறிவர். நீர் மிகுந்தாலும் ஆபத்து உண்டு என்பதைச் சிலரே அறிவர். வெறுந் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப் போய், மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை தோன்றி உயிருக்கே கேடு விளையும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஒரு பெண் இவ்வாறு இறந்தார். அப்பந்தயத்தில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது தெரிந்தது.

பயிருக்கு நீர் பாய்ச்சும் உழவர்க்கு இது புதிய பாடமன்று. வாடவும் விடலாகாது, அழுகவும் விடலாகாது. தாகம் எடுத்தபோது அளவாகக் குடிப்பதே பெரும்பாலோர்க்குப் போதுமானது. ஓடுமுன்பும் ஓடிய பின்பும் எடை பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிற்று என்று பொருள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்ததாகப் பொருள்.

கடைப் பொருள்கள்

கடைகளில் விற்கும் சக்திக் கூழ் பொட்டலம் ஒன்றில் சாதாரணமாக 20 முதல் 25 கிராம் வரை மாவுச் சத்து இருக்கும். அதில் மாயம் எதுவும் இல்லை. அது கெட்டியான சர்க்கரைப் பாகே. சட்டைப் பையில் வைத்துக்கொள்ள எளிது என்பதே அதன் சிறப்பு. முழு மாரத்தான் ஓடுபவருக்கு அது வசதியான பொருள். 10 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அது வீண் செலவு.

தகர டப்பாக்களில் வரும் காபீன் பானங்கள் வேறு வகையின. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் பால் கொடுக்கும் தாய்மாரும் அருந்தத் தக்கதன்று என்னும் எச்சரிக்கையை டப்பாவின் மீதே அச்சிட வேண்டும் என்பது விதி. பள்ளிச் சிறுவர்களின் பந்தயத்தில் அவற்றைப் பரிசாகவோ பானமாகவோ வழங்குதல் சிறிதும் தகாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று பெயரளவில் கூறிக்கொண்டு வந்த இனிப்புப் பானங்களும் பல. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அமையாத பானங்களின் பெயரில் 'ஓ. ஆர். எஸ்.' என்ற எழுத்துகள் இடம்பெறலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் உத்தரவிட்டது.

தசை வளர்க்கும் மாவு, வலிமை தரும் மாத்திரை என்பனவற்றில் தனியொரு ஆபத்து உண்டு. அவற்றுள் சிலவற்றில், மேலே அச்சிடப்படாத தடை மருந்துகள் கலந்திருப்பது உலகெங்கும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. தேசிய ஊக்க மருந்துத் தடுப்பு முகமையின் சோதனையில் அவை தென்பட்டால், "எனக்குத் தெரியாது" என்று கூறுவதால் மட்டும் குற்றம் நீங்காது. தன் உடலுக்குள் செல்வது எதுவாயினும் அதற்கு ஓட்டக்காரனே பொறுப்பாளி. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை பல ஆண்டுகள் பாடுபட்டுப் பெற்ற இடம் ஒரு புட்டி மாவினால் பறிபோகலாம். ஊர்பேர் அறியாத ஊசியையும் மாத்திரையையும் பயிற்சியாளர் கொடுத்தாலும் மறுத்துவிட வேண்டும்.

ஓடி முடித்த பின்

முடிவுக் கோட்டைக் கடந்தவுடன் சட்டென்று உட்காராமல் சிறிது நேரம் நடக்க வேண்டும். பின்னர் உப்பிட்ட நீர்மோரோ எலுமிச்சைப் பானமோ மெல்ல அருந்தலாம். காலியான குதிரை நிரப்பச் சோறும், தேய்ந்த தசையைச் செப்பனிடப் புரதமும் வேண்டும். ஒரு மணி நேரத்திற்குள் பொங்கலும் அவித்த முட்டை இரண்டும், அல்லது சுண்டலும் பாலும் கொடுத்தால் இரண்டும் நிறைவேறும். பந்தயம் நடத்துவோர் பளபளக்கும் கேடயங்களுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை இந்தக் காலை உணவுக்கு ஒதுக்கினால், கடைசியாக வந்தவனும் பரிசு பெற்றவனாவான்.

பஞ்சாயத்தின் கடமை

10 கிலோமீட்டர் ஓடுபவன் பெரும்பாலும் உணவுக் குறைவால் விழுவதில்லை. வெப்பமும், நோயறியாத இதயமும், பழக்கமின்மையுமே அவனை வீழ்த்துவன. ஆகவே பஞ்சாயத்து பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. காலம்: மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த விடியற்காலையே ஏற்றது. விடிந்தவுடன் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். தலைவரோ விருந்தினரோ வருவதற்குத் தாமதமாகும் என்பதற்காக ஓட்டத்தைத் தள்ளிப்போடுதல் கூடாது.

2. நீர்: 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பந்தயங்களில் ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்பது உலகத் தடகள விதி. நம் வெப்பத்திற்கு 2 கிலோமீட்டருக்கு ஒன்று அமைத்தல் நன்று. 200 பேர் ஓடும் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் வழியில் நான்கு நிலையங்களில் ஆளுக்கு 150 மில்லி லிட்டர் எனக் கொண்டால் 120 லிட்டர் ஆகும். சிந்துவதற்கும் தலையில் ஊற்றிக் கொள்வதற்கும் மேலும் அவ்வளவு வேண்டும். முடிவிடத்தில் 100 லிட்டர். ஆக 350 லிட்டர் வரை முந்திய நாளே சேமித்து மூடி வைக்க வேண்டும்.

3. தம்ளர்கள்: ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை உண்டு, தண்ணீர்ப் பொட்டலமும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அதில் அடங்கும். எவர்சில்வர் தம்ளர்களை ஊராரிடம் திரட்டினால் செலவுமில்லை, குப்பையுமில்லை.

4. குளிர்விக்கும் தொட்டி: ஓடுபவன் தள்ளாடினாலும், பொருளின்றிப் பேசினாலும், மயங்கி விழுந்து உடல் கொதித்தாலும் வெப்ப அதிர்ச்சி என்று கொள்ள வேண்டும். வியர்வை இருக்கிறதே என்று ஏமாறலாகாது. ஆம்புலன்சு வருமட்டும் காத்திராமல், பனிக்கட்டி இட்ட நீர்த் தொட்டியில் தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்த வேண்டும். தொட்டி இல்லையேல் உடல் முழுதும் குளிர்ந்த ஈரத் துணிகளைப் போர்த்தி, மாற்றி மாற்றி நனைத்து, விசிற வேண்டும். முதலில் குளிர்விப்பது, பின்னர் கொண்டு செல்வது என்பதே முறை. நினைவற்றவன் வாயில் நீர் ஊற்றலாகாது.

5. மருத்துவ உதவி: 108 ஆம்புலன்சு நிலையத்திற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நாடித் துடிப்பும் மூச்சும் நின்றால், நடு மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வலுவாக அழுத்தும் பயிற்சியை ஊர் இளைஞர் சிலர் கற்றிருத்தல் வேண்டும்.

6. தகுதி: காய்ச்சல் கண்டவர், வயிற்றுப்போக்கு உள்ளவர், ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ முன்பு வந்தவர் ஆகியோரைத் தடுத்தல் வேண்டும். பயிற்சியின்றி அன்று காலை மட்டும் வந்து நிற்போரைக் குறுகிய ஓட்டத்திற்கு அனுப்ப வேண்டும்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

இளைஞர் மன்றக் கூட்டத்திலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் இவ்வினாக்களை எழுப்பி உரையாடலாம். நம் ஊர்ப் பந்தயத்தின் தூரத்தை ஓடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? அதற்கு இடையில் உணவு தேவையா? சென்ற பந்தயத்தில் தண்ணீர் எத்தனை இடங்களில் வைக்கப்பட்டது? பனிக்கட்டி எங்கே கிடைக்கும்? தொட்டி யாரிடம் இருக்கிறது? மார்பை அழுத்தும் பயிற்சி பெற்றவர் ஊரில் எத்தனை பேர்?

நெல்லும் கேழ்வரகும் விளைவித்து நாட்டைக் காப்பவர் உழவர். அவர்தம் பிள்ளைகள் ஓடுவதற்கு வேண்டிய ஆற்றலும் அந்த நெல்லிலும் கேழ்வரகிலும் தான் இருக்கிறது. மீதி வேண்டுவன சிறிது சர்க்கரை, சிறிது உப்பு, தூய நீர், நெடுநாள் பயிற்சி ஆகியவையே. ஓடுகின்ற பிள்ளைகள் அனைவரும் நலமாக வீடு திரும்புதலே ஒரு பந்தயத்தின் முதல் வெற்றி. அவ்வெற்றியை ஒவ்வொரு பஞ்சாயத்தும் உறுதி செய்வதாக.